கண்ணுக்குத் தெரியாததும் கருவிக்குத் தெரிவதும்

(முகப்பேர் ஏரித் திட்டத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இந்த முகப்பேரில் படிகக் கற்களைப் பற்றியும், கதிர்வீச்சை அவை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதைப் பற்றியும் நாம் பேசவேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நோட்டீசைப் பார்த்த சிலர், "இவர்கள் வழக்கமாகப் பேசுகிறதை விட்டுவிட்டு, காலேஜ் வாத்தியார் வேலையை எப்போது எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டோம். கேட்டது நியாயந்தான். நாம் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்களல்ல. பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டுவிட்டு, இந்த அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கூலிக்கு இரும்பு பிரித்தவர்கள். இன்று சொல்லப்போவதெல்லாம் புத்தகம் தேடிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், புரியாததை வெட்கப்படாமல் மறுபடியும் கேட்டும் தெரிந்துகொண்டவையேயாகும். ஆனாலும் அந்த இரும்புக் கடைதான் நம்மை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது. அது எப்படியென்றால் சொல்லுகிறோம்.

பழைய இரும்புக் கடையில் இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை, ஈயத்துக்கு ஒரு விலை. எங்கிருந்தாவது ஒரு கனமான பெட்டி வந்து, அதன் மேல்தகட்டைப் பிரித்தால் உள்ளே கட்டி கட்டியாக ஈயம் இருக்குமானால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. அந்த ஈயத்தை எதற்காக அவ்வளவு கனமாக வைத்தார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் எங்களுக்கு அறிவில்லை என்பதல்ல. கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்பதுதான்.

பிறகு 2010-ம் வருஷம் டில்லியில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் நடந்த சங்கதியைப் பத்திரிகையில் படித்தோம். டில்லி சர்வகலாசாலை 1968-ல் வாங்கி, 1985-க்குப் பிறகு தொடாமல் போட்டு வைத்திருந்த ஒரு காமா கதிர்ப் பெட்டி, 2010 பிப்ரவரியில் கழித்துக்கட்டிய சாமான்களோடு ஏலத்தில் போயிற்று. அதற்குள் கோபால்ட்-60 என்னும் கதிர்வீசும் உலோகம் இருந்தது. வாங்கிய கடைக்காரர்களுக்கு அது தெரியாது. எங்களைப்போலவே அவர்களும் ஈயத்துக்காகப் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் தோல் கறுத்தது, மயிர் கொட்டியது, வாந்தி கண்டது. பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருவர் இறந்தே போனார். படித்துப் பட்டம் வாங்கினவர்கள் விற்ற சாமான், படிக்காத கூலிக்காரனைக் கொன்றது. அதைப் படித்தபோது, நாம் பிரித்த பெட்டிகள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்குத்தான் இந்தப் படிகக் கல்லைப் பற்றித் தேடத் தொடங்கினோம்.

தோழர்களே! இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு நாறாது, தொட்டால் சுடாது. ஐம்புலனும் அதனிடத்தில் தோற்றுப்போகின்றன. உடனே நம்முடைய எதிரிகள் ஓடிவந்து, "பார்த்தீர்களா! கண்ணுக்குத் தெரியாதது உண்டென்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களே! அப்படியானால் பேயும் பிசாசும் திருஷ்டியும் மாத்திரம் ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கண்ணுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாத ஒன்றை உண்டென்று சொல்லுகிறவன், அதை எல்லோருக்கும் ஒன்று போல் காட்டவேண்டும் என்றுதான் சொல்லுகிறோம். பேய் நம்புகிறவன் வீட்டுக்குத்தான் வரும். நம்பாதவன் வீட்டுக்கு வராது. கதிரோ நம்புகிறவனையும் தாக்கும், நம்பாதவனையும் தாக்கும். ஆனால் கருவியை எடுத்து வைத்தால் இருவர் கையிலும் அதே கணக்கைக் காட்டும். வைத்தவன் என்ன சாதி, என்ன மதம், குளித்தானா குளிக்கவில்லையா என்று அந்தக் கருவி கேட்பதில்லை.

அந்தக் கருவிகளில் பல வகை உண்டு. அவற்றில் மிக நுட்பமானதற்குள் இருப்பது ஒரு சிறு கல். ஸ்படிகம் என்றவுடன் உங்களுக்கு ஸ்படிக மாலையும், ஸ்படிக லிங்கமும் ஞாபகத்துக்கு வரலாம். அது வேறு கல், வேறு பிழைப்பு. நாம் சொல்லுவது சிலிக்கான், ஜெர்மானியம், காட்மியம் துத்தநாக டெல்லூரைடு முதலிய படிகங்கள். இவைகளைக் குறைக்கடத்தி என்று பள்ளிப் புத்தகங்களில் சொல்லுகிறார்கள். அதாவது செம்பைப்போல் மின்சாரத்தைத் தாராளமாக விடுகிறதுமில்லை. கண்ணாடியைப்போல் அடியோடு தடுக்கிறதுமில்லை.

இது எதனால் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஒரு சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தரை, மேலே மாடி. கீழே ஒரு இடம்கூட விடாமல் ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மாடியோ காலியாய்க் கிடக்கிறது. கீழே இருப்பவன் நகரவேண்டுமென்றாலும் நகர இடமில்லை. மாடியில் நடக்க இடம் உண்டு, நடக்க ஆளில்லை. ஆகவே கொட்டகையில் நடமாட்டமே இல்லை. படிகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான் என்னும் மின்துகள்களின் நிலைமை இதுதான். யாராவது ஒருவனைக் கீழிருந்து தூக்கி மாடியில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவன் மாடியில் தாராளமாய் நடப்பான். கீழே அவன் விட்டுப்போன இடம் காலியாகும். பக்கத்திலிருப்பவன் அதில் நகருவான்; அவன் இடம் காலியாகும்; அடுத்தவன் நகருவான். பார்க்கிறவனுக்குக் காலி இடமே நடந்துபோவதுபோல் தோன்றும். விஞ்ஞானிகள் அந்தக் காலி இடத்தைத் துளை என்று சொல்லுகிறார்கள். படிகத்தின் இரண்டு பக்கத்திலும் தகடு வைத்து மின் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான் ஒரு பக்கமும், துளை மறுபக்கமுமாக ஓடும். அந்த ஓட்டமே கருவியில் ஒரு சிறு மின் துடிப்பாகத் தெரிகிறது.

கீழிருந்து மாடிக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் ஒவ்வொரு படிகத்தின் குணமும். இந்த உயரத்தை அளக்க எலெக்ட்ரான் வோல்ட் என்று மிகச் சிறிய ஒரு படியை வைத்திருக்கிறார்கள். அந்தப் படியால் அளந்தால் ஜெர்மானியத்துக்கு 0.67, சிலிக்கானுக்கு 1.12, காட்மியம் துத்தநாக டெல்லூரைடுக்குச் சுமார் 1.57, வைரத்துக்கு 5.5. செம்பு முதலிய உலோகங்களில் தரைக்கும் மாடிக்கும் இடையே சுவரே கிடையாது, எந்நேரமும் நடமாட்டந்தான்.

இந்த ஓர் எண்ணிலிருந்தே இவ்வகைக் கற்களில் வெளிச்சம் புகுமா புகாதா என்பதைச் சொல்லிவிடலாம். நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் சிவப்புக்குச் சுமார் 1.7 படி பலம். ஊதாவுக்குச் சுமார் 3.1 படி பலம். வைரத்தின் மாடி 5.5 உயரம். எந்த வெளிச்சத்தாலும் எலெக்ட்ரானை அவ்வளவு தூரம் தூக்க முடியாது. ஆகவே வெளிச்சம் ஒன்றும் செய்யாமல் அப்பாலே போய்விடுகிறது. அதனால்தான் சுத்த வைரம் தெளிவாயிருக்கிறது. பாதரசமும் அயோடினும் சேர்ந்த ஒரு படிகம் உண்டு. அதன் உயரம் சுமார் 2.1. அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மாத்திரம் விட்டுவிடுகிறது. ஆகவே கல் சிவப்பாயிருக்கிறது. சிலிக்கானின் உயரம் 1.12-தான். அது எல்லா நிறத்தையும் விழுங்குவதால் அதன் வழியே ஒன்றும் தெரிவதில்லை. இதிலே சூரியனோ செவ்வாயோ சனியோ வந்து நிறம் கொடுத்ததாக எங்கேயாவது இடமிருக்கிறதா என்று மோதிரம் போட்டிருக்கும் தோழர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

நாம் சொன்னதை நம்பவேண்டாம், இப்போதே பார்த்துவிடலாம். இதோ மேசைமேல் இருப்பது வீட்டில் டி.வி.க்கு வைத்திருக்கும் ரிமோட். இதன் பட்டனை அமுக்குகிறோம். முனையில் ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா? தெரியவில்லை. இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்போனில் காமிராவைத் திறந்து, அதன் வழியாகப் பாருங்கள். பின் காமிராவில் தெரியாவிட்டால் முன் காமிராவில் பாருங்கள். சில போன்களில் பின்பக்கத்தில் இந்த ஒளியைத் தடுக்கிற கண்ணாடி வைத்திருப்பார்கள். வெளிறிய ஊதாப் பொட்டு ஒன்று மின்னுகிறதல்லவா? ரிமோட்டிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளிக்குச் சுமார் 1.3 படி பலம். நம் கண்ணுக்கு அது போதாது. ஆனால் காமிராவுக்குள் இருக்கும் சிலிக்கானுக்கு 1.12 போதும். கண் தோற்ற இடத்தில் கல் ஜெயித்துவிட்டது. இதற்கு மந்திரம் வேண்டியிருந்ததா? நோன்பு வேண்டியிருந்ததா? உங்கள் மாடியில் வைத்திருக்கும் சூரிய மின்தகடு வேலை செய்வதும் இதே வித்தையினால்தான்.

இனி வெளிச்சத்திலிருந்து காமா கதிருக்குப் போவோம். காமா கதிரும் வெளிச்சத்தின் ஜாதிதான், பலத்தில்தான் வித்தியாசம். ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் உபயோகிக்கும் சீசியம்-137 என்ற பொருளிலிருந்து வரும் ஒரு காமா கதிருக்கு 6,62,000 படி பலம். ரிமோட்டின் ஒளி ஓர் எலெக்ட்ரானைத்தான் மாடிக்குத் தூக்கும். இந்தக் கதிரோ தன் பலம் முழுவதையும் ஒரு ஜெர்மானியப் படிகத்தில் இறக்கினால் ஒரே அடியில் சுமார் 2,20,000 எலெக்ட்ரான்களைத் தூக்கிவிடுகிறது. கணக்குத் தெரிந்த தோழர்கள், "0.67 என்று சொன்னீர்களே, அப்படியானால் பத்து லட்சத்தைக் கிட்டவேண்டாமா?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஒவ்வொரு ஜோடிக்கும் சுமார் 3 படி செலவாகிறது. மீதி, படிகத்தை அதிர வைத்துச் சூடாக வீணாகிறது. தரகன் இல்லாத வியாபாரம் இயற்கையிலும் இல்லை.

இதில் பெரிய லாபம் என்னவென்றால், தூக்கப்பட்ட எலெக்ட்ரான்களை எண்ணினால் வந்த கதிரின் பலம் தெரிந்துவிடும். பலம் தெரிந்தால் அதை அனுப்பினது யார் என்பதும் தெரிந்துவிடும். 6,62,000 என்றால் சீசியம். 11,73,000, 13,32,000 என்று இரட்டையாக வந்தால் மாயாபுரியில் ஆளைக் கொன்ற கோபால்ட்-60. 14,61,000 என்றால் பொட்டாசியம்-40. இந்தக் கடைசி ஆசாமி வாழைப்பழத்திலும் உண்டு. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் உடம்பிலும் உண்டு. கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உண்டு. ஆகவே கதிர் என்றாலே சாவு என்று பயப்படுவதும் மூடத்தனம். கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அலட்சியம் செய்வதும் மூடத்தனம். யார், எவ்வளவு, எத்தனை நேரம் என்று கேட்பதே அறிவு.

அப்படியானால் எந்தக் கல்லை வைத்தாலும் போதுமா என்றால், போதாது. சிலிக்கான் லேசான அணு. அதன் எண் 14. பலமான காமா கதிர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும். ஜெர்மானியத்தின் எண் 32. அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் மாடி மிகத் தாழ்வு. நம் ஊர் வெயிலில் மாத்திரமல்ல, சாதாரண அறைச் சூட்டிலேயே எலெக்ட்ரான்கள் தாமாகவே மாடி ஏறிவிடும். கதிர் ஏற்றியது எது, சூடு ஏற்றியது எது என்று தெரியாமல் கணக்குக் குழம்பிப்போகும். ஆகவே அதைத் திரவ நைட்ரஜனைக் கொண்டோ, வேறு யந்திரத்தைக் கொண்டோ கடுங்குளிரில் வைக்கவேண்டும். திரவ நைட்ரஜன் என்பது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். அதன் சுத்தமும் சாமானியமல்ல; லட்சம் கோடி அணுவுக்கு ஓர் அணு கலப்படம் இருந்தாலே அதிகம் என்கிறார்கள். நம் பால்காரர்களும் மளிகைக்காரர்களும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாக வந்ததே காட்மியம் துத்தநாக டெல்லூரைடு. காட்மியத்தின் எண் 48, டெல்லூரியத்தின் எண் 52. ஆகவே கதிரை நன்றாகப் பிடிக்கும். மாடியின் உயரம் 1.57, ஆகவே அறைச் சூட்டில் தாமாக ஏறுகிறவர்கள் குறைவு. குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை; கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எலெக்ட்ரான் வேகமாய் ஓடுகிறது. துளையோ நத்தைபோல் நகர்ந்து, வழியிலுள்ள குறைகளில் விழுந்து மாட்டிக்கொள்ளுகிறது. அதனால் கணக்குக் குறைந்து போகிறது. ஆகவே துளையை நம்பாமல் எலெக்ட்ரானின் ஓட்டத்தை மாத்திரம் பார்த்துக் கணக்கெடுக்கும்படி, தகட்டைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி வைக்கிறார்கள். உருக்கி வளர்க்கும்போது உள்ளே டெல்லூரியம் பொட்டுப் பொட்டாகத் தங்கிவிடுவதும் உண்டு. கறுத்த கல்லுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? சற்று முன் சொன்ன கணக்குத்தான் உதவுகிறது. 1.57-க்குக் குறைந்த பலமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கு இந்தக் கல் கண்ணாடியைப் போன்றது. அந்த ஒளியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் காமிராவில் பார்த்தால் உள்ளே இருக்கும் கறைகளெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். நல்ல கல்லை எடுத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளிவிடுகிறார்கள். தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கிற இந்த யோக்கியதை மனிதர்களுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நிற்க. "இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை" என்று ஒரு கூட்டமும், "இதெல்லாம் நம் ரிஷிகள் அப்போதே கண்டது" என்று ஒரு கூட்டமும் சொல்லுவதுண்டு. இரண்டும் பொய். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் என்ற வாத்தியார் இருந்தார். வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம், இந்தியனுக்குக் குறைந்த சம்பளம் என்று வைத்திருந்ததற்காக, மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் வேலை செய்து ஜெயித்தவர் அவர். கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தைக் கொண்டு, வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத மின் அலையையும் கண்டறியும் கருவி செய்தார். 1901-ல் அமெரிக்காவில் மனுச் செய்து 1904-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் உரிமைப் பத்திரம் அதுதான் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு 1945-ல் ஹாலந்து தேசத்தில் வான் ஹீர்டன் என்பவர் குளிரவைத்த வெள்ளிக் குளோரைடு படிகத்தில் கதிரைக் கணக்கிட்டார். 1949-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் மக்கே என்பவர் ஜெர்மானியத்தில் ஆல்பா கதிரைப் பிடித்தார். இப்படிப் பல தேசத்து மனிதர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கண்டதே தவிர, எந்த ஏட்டிலிருந்தும் இறங்கி வந்ததல்ல.

நமக்குச் சமீபத்தில் நடந்ததையும் சொல்லுகிறோம். வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போனால், வானம் தெளிந்திருக்கும்போது இந்தப் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்தே புகைக் கோடு தெரியும். 28-9-2015 காலை 10 மணிக்குப் போன ராக்கெட்டில் ஆஸ்ட்ரோசாட் என்ற வானாராய்ச்சிக் கோளை வைத்து அனுப்பினார்கள். அதில் நாம் மேலே சொன்ன காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகத் தகடுகள் 64 இருந்தன. ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் கனம். ஒவ்வொன்றிலும் 256 கட்டம். ஆக 16,384 கட்டம். 1054-ல் வெடித்ததாகச் சீனர்கள் எழுதி வைத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவின் நடுவிலிருந்து வரும் கதிர், எந்தத் திசையில் ஆடி வருகிறது என்பதை அந்தக் கற்கள் அளந்து சொல்லின. 2017-ல் முடிவு வெளியாயிற்று. 23-8-2023-ல் சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது, அதன் சிறு வண்டியில் சிலிக்கான் கருவி இருந்தது. அங்கேயுள்ள மண்ணில் கந்தகம் இருப்பதை அதுவும் உறுதிப்படுத்தியது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். சந்திரயான் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கச் சந்திர மண்ணுக்குப் பதிலாக உபயோகப்பட்டது நம் நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைப் பொடி. சந்திரனை ராகு விழுங்குகிறதா, கேது விழுங்குகிறதா என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். விழுப்புரத்துப் பிள்ளை அங்கே போய் மண்ணைப் பரீட்சை பார்த்தாகிவிட்டது.

ஆனால் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. ஆஸ்ட்ரோசாட்டில் வைத்த அந்தக் கற்கள் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982 முதல் படிக வளர்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. படிகம் வளர்ப்பதென்பது பொறுமையும் பணமும் வேண்டிய வேலை. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்காமலே பணம் கொட்டுகிற நாட்டில், கல் வளர்க்கிற பிள்ளைகள் உலை வாங்க மனுப் போட்டுக் காத்திருக்கலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவும் ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் நடந்ததைக் கேளுங்கள். 2020 அக்டோபரில் ராஷ்ட்ரீய காமதேனு ஆயோக் என்ற சர்க்கார் அமைப்பின் தலைவர், பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, பசுஞ்சாணத்தில் செய்த சில்லு ஒன்றைக் காட்டி, இதைச் செல்போனில் வைத்தால் கதிர்வீச்சு குறையும் என்று சொன்னார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள், "எங்கே பரீட்சை செய்தீர்கள்? என்ன அளவு கிடைத்தது?" என்று எழுதிக் கேட்டார்கள். நாமும் இன்று கற்ற கணக்கைக்கொண்டே கேட்போம். செல்போன் அலையின் பலம் எவ்வளவு? நம் படியில் சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. சிலிக்கானின் மாடி அதைவிட லட்சம் மடங்கு உயரம். ஓர் எலெக்ட்ரானைக்கூடத் தூக்க முடியாத அலையையும், 2,20,000 எலெக்ட்ரான்களைத் தூக்கும் காமா கதிரையும் "கதிர்வீச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் போட்டு ஜனங்களைப் பயமுறுத்துவது என்ன நாணயம்? செல்போன் அலை செய்யக்கூடியதாக உறுதிப்பட்டிருப்பது உடம்பைச் சிறிது சூடாக்குவது. அதற்கு வேறு அளவுகோலும், கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பும் இந்தியாவில் இருக்கின்றன. அல்லாமலும், சாணிச் சில்லு அலையை உண்மையாகவே தடுக்குமானால் போனில் பேச்சு எப்படி வரும்? பேச்சு வருகிறதென்றால் அலை போகிறது. அலை போகிறதென்றால் சில்லு தடுக்கவில்லை. இதற்குச் சயன்ஸ்கூட வேண்டியதில்லை. சாதாரண புத்தி போதும்.

சாணியை மாத்திரம் பரிகாசம் செய்துவிட்டு, பெரிய மனிதர் வார்த்தையை வேதமாக எடுத்துக்கொண்டால் அதுவும் பகுத்தறிவாகாது. கூடங்குளத்தில் 2011-ல் இடிந்தகரை ஜனங்கள் பயந்து போராடினார்கள். அந்த வருஷம் நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்து, பயமில்லை என்று சொன்னார். 2013-ல் முதல் உலை ஓட ஆரம்பித்தது. கலாம் படித்தவர், மரியாதைக்குரியவர். ஆனாலும் "பெரியவர் சொல்லிவிட்டார், வாயை மூடு" என்பது கோயிலில் சொல்ல வேண்டிய வார்த்தை. விஞ்ஞானத்தில் அதற்கு இடமில்லை. மீன் பிடிக்கிறவனுடைய சந்தேகத்துக்கு மருந்து உபதேசமல்ல, அளவு. கருவியை ஊர்ப் பஞ்சாயத்திலும் பள்ளிக்கூடத்திலும் வைத்து, தினந்தோறும் அது காட்டுகிறதை எல்லோரும் படிக்கும்படி பலகையில் எழுதி வைத்தால், வீண் வதந்தியும் நிற்கும். வீண் உறுதிமொழியும் நிற்கும். பயப்படு என்கிறவனையும் கேளுங்கள், பயப்படாதே என்கிறவனையும் கேளுங்கள்: எவ்வளவு என்று அளந்தாயா?

இனி இந்த ஊருக்கு வேண்டிய காரியத்தைச் சொல்லி முடிக்கிறோம். சுற்றிலும் 1964 முதல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, தெருவுக்குத் தெரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. பற்றவைத்த இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க இரிடியம்-192 என்ற கதிர்ப்பொருளை உபயோகிக்கும் தொழிலும் நாட்டில் நடக்கிறது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் பிள்ளைகள் மார்பில் டி.எல்.டி. பாட்ஜ் குத்தியிருக்கவேண்டும். அதற்குள்ளும் ஒரு படிகப் பொடி இருக்கிறது. துளை மாட்டிக்கொள்ளுவது ஒரு படிகத்தில் குற்றம் என்று சொன்னோமே, இந்தப் பொடியில் அதுவே குணம். பட்ட கதிரை அந்தக் குறைகளில் தேக்கி வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால், பட்டது எவ்வளவோ அதற்குத் தக்கபடி ஒளிவிட்டுக் கணக்கைச் சொல்லிவிடும். முதலாளி பாட்ஜ் கொடுக்கவில்லையென்றால் கேளுங்கள். கொடுத்ததை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் கேளுங்கள். கணக்கு எவ்வளவு வந்தது என்பதையும் கேளுங்கள். அது உங்கள் உடம்பின் கணக்கு.

இரும்புக் கடைத் தோழர்களுக்கு: மூன்று இலை விசிறி போன்ற அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளிலோ சிவப்பிலோ அது போட்ட எந்தச் சாமானையும் தொடாதீர்கள். அடையாளம் அழிந்துபோயிருந்தாலும், அளவுக்கு மீறிக் கனமாய், உள்ளே ஈயம் வைத்து அடைத்த பெட்டி வந்தால் பிரிக்காதீர்கள். தூர விலகி, மற்றவர்களையும் விலக்கி, போலீசுக்குச் சொல்லுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஈயத்தின் விலை உங்கள் உயிரின் விலையல்ல. மாயாபுரியில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு சிறு கருவியைப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தால் அந்தத் தோழர் செத்திருக்க மாட்டார். கடைக்குக் கடை கல்லாப் பெட்டிக்கு மேலே சாமி படம் மாட்டியிருக்கிறது; விளக்கும் எரிகிறது. அந்தப் படத்தின் பக்கத்திலே ஒரு கதிர் அளக்கும் கருவியும் வையுங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ஆபத்து வரும்போது இரண்டில் எது சத்தம் போடுகிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

 இப்போது ரிமோட்டையும் போனையும் கீழே கொண்டுவருகிறோம். சந்தேகமுள்ள ஒவ்வொருவரும் தங்கள் கண்ணாலேயே சோதித்துப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.